பிள்ளை மடுவத்துக்கு ஒழுங்கு வகுப்பவர் யார்?

மலைநாட்டுத் தோட்டங்களில் மடுவம் இரண்டு. ஒன்று கொழுந்து மடுவம். மற்றது பிள்ளை மடுவம். கொழுந்து மடுவத்துக்குள் ஒரு கூடைக் கொழுந்தும் பெயரின்றி நுழைவதில்லை. இன்னார் பறித்தது, இத்தனை கிலோ, ஈரத்துக்கும் கூடைக்கும் இத்தனை கழிவு என்று யாவும் ஏட்டில் ஏறுகின்றன. கணக்கில் ஒரு கிலோ பிசகினால் பறித்தவள் கேட்கிறாள். கங்காணி பதில் சொல்கிறார். தீராவிட்டால் தலைவர் வருகிறார். அப்போதும் தீராவிட்டால் துரையின் மேசை வரைக்கும் வழக்குப் போகிறது. பிள்ளை மடுவத்தின் நிலை என்ன? காலையில் ஒப்படைக்கப்பட்ட குழந்தை மாலையில் எவர் கையோடு வெளியேறியது என்று கேட்டால், ஆயம்மாவின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லாத இடங்கள் இன்றும் உண்டு. குறை நேர்ந்தால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, யார் தீர்ப்பது என்பதற்கு முறையான வழி இல்லாத இடங்களும் உண்டு. கொழுந்துக்கு இருக்கும் ஒழுங்கு குழந்தைக்கு இல்லை என்றால், குறையை எங்கே தேடுவது?

சம்பளம், காணி, வீடு என்று மலைபோன்ற பிரச்சினைகள் நம் முன் நிற்க, பிள்ளை மடுவத்தின் நடத்தை விதிகளைப் பற்றி ஓர் அரசியல் வார ஏடு எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நம் மறுமொழி இதுவே: பதுளையிலும் ஹாலி-எலையிலும், பசறையிலும் லுணுகலையிலும், பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் தேயிலைத் தூர்களுக்கிடையே நிற்கும் ஆயிரமாயிரம் தாய்மாருக்கு நாளின் முதல் அரசியல் பிரச்சினை, கைக்குழந்தையை யார் பொறுப்பில் விட்டு மலையேறுவது என்பதேயாகும். அந்தப் பொறுப்பு உறுதியானால்தான் பறிக்கும் கை ஓடும். அது தளர்ந்தால் அவள் வேலையை விட வேண்டும். அல்லது பள்ளிக்கூடம் போக வேண்டிய மூத்த மகளை வீட்டில் நிறுத்த வேண்டும். இரண்டில் எது நேர்ந்தாலும் நட்டம் நம் சமூகத்துக்கே.

மடுவம் கடந்து வந்த பாதை

வெள்ளையர் காலத்துப் பிள்ளை மடுவம் எப்படியிருந்தது என்பதை முதியோர் அறிவர். கம்பிலும் விட்டத்திலும் கட்டிய சேலைத் தொட்டில்கள். மலையேற வலுவிழந்த ஒரு மூதாட்டி. அவளைச் சுற்றி ஈ மொய்க்கக் கிடக்கும் பிள்ளைகள். தாயின் கை தடையின்றிக் கொழுந்து பறிக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு அது எழுந்தது. குழந்தையின் நலம் பற்றிய எண்ணம் பின்னரே சட்டத்தின் வழியாக வந்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் பாலூட்டும் தாயின் உரிமையை வரையறுத்தன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையையுடைய தாய்க்கு வேலை நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உரியவை. பிள்ளைகளைப் பராமரிக்கத் தகுந்த இடம் இருப்பின் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையலாகாது. இல்லாவிடின் ஒரு மணி நேரத்துக்குக் குறையலாகாது. இது சலுகையன்று, சட்டம் அளித்த நேரம்.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் பிராந்தியத் தோட்டக் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. அரசாங்கம், கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த ஒரு பொது நிறுவனம் அவ்வாண்டிலேயே அமைந்தது. அதுவே இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரால் வழங்குகிறது. தோட்ட மக்கள் வாயில் 'ட்ரஸ்ட்' என்பது அதன் பெயர். பிள்ளை மடுவமும் சிறுவர் அபிவிருத்தி நிலையமாயிற்று. மூதாட்டி இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். சேலைத் தொட்டில் தொங்கிய இடத்தில் படமும் பாட்டும் விளையாட்டுப் பொருள்களும் வந்த நிலையங்கள் பல. இம்முன்னேற்றத்தை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் ஒன்று சொல்வோம்: சுவருக்கு வெள்ளையடித்த வேகத்தில் மனிதர் மனிதரிடம் நடந்துகொள்ளும் முறை மாறவில்லை.

இரு புறத்துக் குறை

பெற்றோர் பக்கத்துக் குறைகளை மறைக்காமல் கூறுவோம். காய்ச்சலோடும் வயிற்றோட்டத்தோடும் இருக்கும் குழந்தையை ஒரு வார்த்தையும் சொல்லாமல் மடுவத்தில் விட்டுவிட்டுப் போவோர் உண்டு. சின்னமுத்தும் கொப்பளிப்பானும் லயம் முழுதும் பரவுவதற்கு இதுவே போதும். குழந்தையை அழைத்து வர எட்டு வயது அண்ணனை அனுப்புவோர் உண்டு. மாலையில் மதுவின் தள்ளாட்டத்தோடு வந்து, "என் பிள்ளையைக் கொடு" என்று வாசலில் நின்று கூவும் தகப்பன்மாரும் உண்டு. தன் பிள்ளையை வேறொரு பிள்ளை கடித்துவிட்டால், கடித்த பிள்ளையின் கன்னத்தில் தானே அறையும் தாயும் உண்டு. ஆயம்மாவை ஏவலாள் போல ஏசுவதும், சில இடங்களில் அவளுடைய சாதியைச் சுட்டிப் பேசுவதும் நம் வாய்க்கே இழுக்கு. அவள் கையால் தன் பிள்ளை பால் குடிக்க வேண்டும்; ஆனால் அவளுக்கு மரியாதை தரலாகாது என்பது எந்த ஊர் நியாயம்?

மறு பக்கத்தையும் பார்ப்போம். அழும் குழந்தையை அடித்தும் அதட்டியும் அடக்குவதே பராமரிப்பு என்று எண்ணுவோர் இன்னும் மறைந்துவிடவில்லை. வேலைக்காரத் தாயை "நீ, வா, போ" என்று அழைத்து, ஸ்டாப் வீட்டுப் பிள்ளையின் தாயை "அம்மா" என்று அழைக்கும் இரட்டை நாக்கும் உண்டு. தாய் மத்திய கிழக்கு நாட்டில் உழைக்க, பாட்டியின் கையில் வளரும் பிள்ளையின் காதுபடவே அந்தத் தாயைப் பற்றி வம்பு பேசும் வழக்கம் கொடியது. நிர்வாகத்தின் குறையோ இன்னும் பெரிது. தண்ணீர்க் குழாய் மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும். மலசலகூடத்தின் கதவு உடைந்து தொங்கும். ஆயினும் பிள்ளையைச் சுத்தமாக அனுப்பவில்லை என்று தாய்க்கு மட்டும் எச்சரிக்கை வரும்.

பிந்தி வரும் தாயின் வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மாலை நிறுவை முடிந்தால்தான் அவள் மலையிறங்க முடியும். நிறுக்க வேண்டிய உத்தியோகத்தர் பிந்துகிறார், லொறி பிந்துகிறது, வரிசை நீள்கிறது. இருட்டும் நேரத்தில் அவள் ஓடி வந்து சேரும்போது மடுவத்தின் வாசலில் அவளுக்காகக் காத்திருப்பது வசவு. ஆயம்மாவின் கோபத்திலும் நியாயம் உண்டு. அவளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆக, நிறுவையைப் பிந்தச் செய்தவர் எவரோ அவர் இந்த வழக்கிலேயே இல்லை. ஏழைப் பெண்கள் இருவர் ஒருவர்மீது ஒருவர் சினந்து நிற்கிறார்கள்! "குறித்த நேரத்தில் பிள்ளையை அழைத்துச் செல்க" என்று மட்டும் ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டினால், அது தாயின் முதுகில் விழும் இன்னொரு சுமையாகவே முடியும். "குறித்த நேரத்தில் நிறுவையை முடிக்க" என்ற விதி அதன் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

மேலிருந்து வந்த விதிகள்

விதி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. அவர்கள் வரலாற்றில் விதி என்பது என்றும் மேலிருந்து இறங்கியது. ஒரு காலத்தில் 'துண்டு' என்ற கடதாசிச் சீட்டு, கடன் தீரும்வரை தொழிலாளியின் கால்களைக் கட்டி வைத்தது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1947இல் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதன் பின்வந்த சட்டங்களாலும் வாக்குச் சீட்டையும் இழந்தார்கள். எவரும் அவர்களைக் கேட்டு விதி எழுதவில்லை. எழுதிய மொழியும் பெரும்பாலும் அவர்கள் மொழியாக இருக்கவில்லை. அறிவித்தல் பலகையைக் கண்டால், "இதில் நமக்கு என்ன தண்டனை எழுதியிருக்கிறார்களோ" என்று நினைப்பது அவர்கள் அறியாமையன்று. பல தலைமுறைகளின் அனுபவம்.

இந்த அனுபவத்தைச் சுட்டி, "ஆகவே விதியே வேண்டாம்" என்று வாதிப்போரை நாம் ஏற்கவில்லை. விதியில்லாத இடத்தில் பலவான் சொல்வதே விதியாகும். கூவத் தெரிந்த தகப்பனுக்குப் பிள்ளை முதலில் கிடைக்கும். வாயில்லாத விதவைத் தாய் கடைசியில் நிற்பாள். சங்கத் தலைவரின் உறவினர் பிள்ளைக்குச் சலுகை கிடைக்கும். மாற்றுச் சங்கத்தார் பிள்ளைக்குப் பாராமுகம் கிடைக்கும். எழுதிய ஒழுங்கு எளியவனுக்குக் காவல். ஆனால் அதை எழுதும் கைகளில் அவன் கையும் இருக்க வேண்டும்.

உரோமில் ஒரு பலகை

இவ்விடத்தில் கடல் கடந்த ஓர் உதாரணம் நமக்குப் பயன்படும். மரியா மொண்டிசோரி அம்மையாரின் பெயர் இலங்கைக்குப் புதிதன்று. அவர் 1939 முதல் இந்தியாவில் தங்கி, 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். அவர் தமது முதலாவது 'பிள்ளைகள் இல்லத்தை' 1907 ஜனவரி 6ஆந் திகதி உரோம் நகரில் திறந்தது செல்வர் தெருவில் அன்று. சான் லொரன்சோ என்ற தொழிலாளர் பகுதியில், வரிசையாக ஏழைக் குடும்பங்கள் குடியிருந்த ஒரு பெரிய கட்டடத்தில் அதைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போன பின் பிள்ளைகள் சுவரையும் படியையும் பாழாக்குவதைக் கண்ட கட்டட உரிமையாளர்கள் அதற்கு இடங்கொடுத்தார்கள். நம் லயத்தின் கதைக்கும் அந்தக் கட்டடத்தின் கதைக்கும் உள்ள உறவைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்த இல்லத்தின் சுவரில் விதிப் பலகை ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை அதில் குறைவு. பெற்றோருக்கு இட்டதே மிகுதி. பிள்ளையை உடலும் உடையும் சுத்தமாக அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் அம்மையாருக்கு மரியாதை காட்ட வேண்டும். கிழமைக்கு ஒரு முறையேனும் தாய் வந்து அவரோடு பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். பொறுப்பாளரும் அதே கட்டடத்தில், அதே குடும்பங்களுக்கிடையே வாழ வேண்டும் என்பது ஏற்பாடு. இவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். தாய்க்குப் பேசும் நேரத்தை உறுதிசெய்து, அதனோடு கடமையையும் சுமத்தியது நல்ல முறை.

ஆனால் அந்தப் பலகையின் ஓர் அம்சத்தை நாம் ஏற்க மாட்டோம். அழுக்காக வந்தாலோ, பெற்றோர் மரியாதை தவறினாலோ பிள்ளையை இல்லத்திலிருந்து விலக்கலாம் என்று அது கூறிற்று. தகப்பன் செய்த பிழைக்கு மூன்று வயதுக் குழந்தை தண்டனை பெறுவதா? கதவு மூடப்பட்டால் அந்தக் குழந்தை எங்கே போகும்? பூட்டிய காம்பராவுக்கோ, அடுப்பங்கரைக்கோ, கான் ஓரத்துக்கோதான் போகும். விதியைக் காப்பாற்றப் பிள்ளையைக் கைவிடுவது, வேலியைக் காக்கப் பயிரை வெட்டுவது போன்றதாகும்.

ஊவாவின் சொந்தப் பாடம்

உரோம் வரைக்கும் போனவர்கள் பதுளைக்கு அருகே நடந்ததை மறக்கலாகாது. 1940ஆம் ஆண்டு, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைமையில் தோட்ட வேலைநிறுத்த அலை ஊவாவில் எழுந்தபோது, வேவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் தமக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே நடப்பதாகத் தோட்டத் துரையும் உடன்பட்டார். அவ்வலை பொலிஸ் அடக்குமுறையால் அடக்கப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என்று இகழப்பட்ட மக்கள், தம்முள் பிரதிநிதிகளைத் தெரிந்து, துரையோடு சமமாக அமர்ந்து ஒழுங்கு பேசினார்கள் என்ற செய்தியை எந்த அடக்குமுறையாலும் அழிக்க முடியவில்லை. "இவர்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று இன்று சொல்லும் நிர்வாகிகளுக்கு வேவெஸ்ஸ மறுமொழி சொல்லும்.

அன்று வேலைத்தலத்துக்கு வேண்டிய சபை இன்று பிள்ளை மடுவத்துக்கு வேண்டும். ஒவ்வொரு டிவிஷனிலும் தாய்மார் தெரிந்தெடுக்கும் பிரதிநிதிகள், சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், ஆயம்மா, நிர்வாகத்தின் ஆள், தொழிற்சங்கங்களின் ஆட்கள், குடும்பநல மாது ஆகியோர் ஒருங்கே அமர்ந்து ஓர் ஒழுங்கை எழுதட்டும். தாய்மார் பெரும்பான்மையாக இருக்கட்டும். தகப்பன்மாரும் கட்டாயம் இருக்கட்டும். பிள்ளை தாய்க்கு மட்டும் உரியதன்று. எழுதியதைத் தமிழிலும், சிங்களக் குடும்பங்கள் உள்ள இடத்தில் சிங்களத்திலும் எழுதி, வாசிக்கத் தெரியாதவர் பொருட்டுக் கூட்டத்தில் உரக்க வாசிக்கட்டும். பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அரச காரியாலயத்துக்கே அந்தக் கடமை உண்டென்றால், தாய்ப்பால் வாசனை மாறாத பிள்ளைகளின் மடுவத்துக்கு இல்லையா?

ஒழுங்கில் இருக்க வேண்டியவை

பெற்றோர் பக்கத்தில் ஆறு கட்டளைகள் போதும். முதலாவது, பிள்ளையை ஒப்படைப்பதும் அழைத்துச் செல்வதும் ஏட்டில் பெயர் எழுதிய வளர்ந்தோர் கையால் மட்டும் நடக்க வேண்டும். தாய் வெளிநாட்டில் இருந்தால் பாட்டியின் பெயரோ சித்தியின் பெயரோ முன்கூட்டி எழுதப்பட வேண்டும். இரண்டாவது, மது அருந்திய எவர் கையிலும் பிள்ளை ஒப்படைக்கப்படலாகாது. அவர் பெற்ற தகப்பனே ஆயினும் சரி, துரையின் சாரதியே ஆயினும் சரி. மூன்றாவது, பிள்ளையின் நோயை மறையாமல் காலையிலேயே சொல்ல வேண்டும். நான்காவது, பிறர் பிள்ளையைத் தொட்டு அடிப்பதும், பராமரிப்போரை ஏசுவதும், சாதி பேசுவதும் கூடா. ஐந்தாவது, பிள்ளைகளைத் தொலைபேசியில் படம் பிடித்துப் பலரும் காணப் பரப்பலாகாது. ஆறாவது, சங்கக் கொடியும் சந்தாத் தகராறும் தேர்தல் பிரசாரமும் மடுவத்தின் படியோடு நிற்க வேண்டும்.

பராமரிப்போர் பக்கத்தில்: அடியில்லை, கட்டிவைத்தல் இல்லை, இருட்டறை மிரட்டல் இல்லை. மாணவன் ஒருவன் ஆசிரியரால் அறையப்பட்ட வழக்கில், அத்தகைய தண்டனை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமையை மீறுவதாகும் என்று நம் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. பள்ளி மாணவனுக்குக் கிடைத்த காப்பு, பேச்சு வராத மழலைக்கு இல்லை என்று எவர் சொல்வார்? எல்லாத் தாய்மாரையும் ஒரே மரியாதைச் சொல்லால் அழைக்க வேண்டும். பிள்ளை விழுந்தாலும், உண்ண மறுத்தாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே தாயிடம் சொல்ல வேண்டும், மறைப்பது பெருங்குற்றம்.

நிர்வாகத்தின் பக்கத்தில்: தண்ணீரும் மலசலகூடமும் குறையின்றி இருத்தல், பிள்ளைகளின் தொகைக்கு ஏற்ற ஆட்களை நியமித்தல், பாலூட்டும் நேரத்தைச் சம்பளத்திலோ கிலோக் கணக்கிலோ கைவைக்காமல் கொடுத்தல், மாலை நிறுவையைச் சொன்ன நேரத்தில் முடித்தல், வேலை நீளும் நாளில் மடுவத்தில் தங்கும் ஆயம்மாவுக்கு மேலதிகக் கொடுப்பனவு கொடுத்தல். இந்த ஐந்தையும் செய்யாத நிர்வாகத்துக்கு, பெற்றோரின் பிழையைச் சுட்டும் தகுதி இல்லை.

தவறினால் என்ன செய்வது? அபராதம் வேண்டாம் என்பதே நம் திடமான கருத்து. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்திடம் பிடிக்கும் பணம் பிள்ளையின் பாலிலிருந்து பிடிக்கும் பணம். முதல் முறை தனியே அழைத்துப் பேசட்டும். இரண்டாம் முறை, குறைபட்டவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் சபையின் முன் அமரட்டும்; இரு தரப்பும் கேட்கப்படட்டும். மூன்றாம் முறை, அந்த வளர்ந்தவர் மடுவத்துக்குள் நுழையத் தடைவிதித்து, பிள்ளையை அழைத்து வர வேறொருவரை அந்தக் குடும்பமே பெயரிடட்டும். ஆயம்மா தவறினாலும் இதே படிமுறை. உத்தியோகத்தர் தவறினாலும் இதே. எந்த நிலையிலும் பிள்ளைக்குக் கதவு அடைபடலாகாது. பிள்ளையின் உடலுக்கோ உயிருக்கோ தீங்கு நேர்ந்த இடத்தில் மட்டும் சபையின் சமரசத்துக்கு இடமில்லை. அங்கே பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடமும், பொலிசாரிடமும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உடனே சொல்ல வேண்டும். "தோட்டத்து மானம் போய்விடும்" என்று மூடிமறைப்போர் குற்றவாளியின் கூட்டாளிகளே.

ஏட்டில் எழுதும் பெயர்

வந்தவர் பெயரையும் போனவர் பெயரையும் ஏட்டில் எழுதுவது வெறும் சடங்கு என்று எண்ணுவோருக்குக் கொஸ்லந்தையை நினைவூட்டுகிறோம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மீரியாபெத்தத் தோட்டத்தின்மீது மலை சரிந்தது. லயங்கள் மண்ணோடு மண்ணாயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் பிழைத்துத் திரும்பி வந்து, வீடிருந்த இடத்தில் சேற்றைக் கண்டார்கள். மண்ணுக்கடியில் எத்தனை பேர் என்ற கணக்குப் பல நாட்கள் மாறி மாறிச் சொல்லப்பட்டதை நாடு முழுதும் கேட்டது. ஊவாவின் மலைகளில் மழை இனியும் பெய்யும். மண் இனியும் நழுவும். அந்த நேரத்தில், மடுவத்தில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களை எவரெவர் அழைத்துச் சென்றார்கள் என்று ஒரு ஏடு திட்டமாகச் சொல்லுமானால், அது ஓர் உயிரையேனும் காக்கும். தாய் இடும் கையெழுத்தும், கைநாட்டும் அந்த அளவுக்குக் கனமானவை.

படித்தவர்க்கும் பயிரிடுவோர்க்கும்

இவ்வேட்டை வாசிக்கும் ஆசிரியர்கள், வைத்தியர்கள், சட்டத்தரணிகள், வங்கி உத்தியோகத்தர்கள் பலர் லயத்துக் காம்பராவில் பிறந்து, பிள்ளை மடுவத்தில் தவழ்ந்தவர்களே. இன்று பதுளை நகரிலோ கொழும்பிலோ தங்கள் பிள்ளையைப் பகல் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கும்போது, நேரம், நோய், அழைத்துச் செல்வோர் என்று பக்கம் பக்கமாக நிபந்தனைகளை வாசித்துக் கையொப்பமிடுகிறார்கள். நிலையம் தவறினால் கேள்வியும் கேட்கிறார்கள். அந்தக் கடமையும் அந்த உரிமையும் தம் அக்காள் பிள்ளைக்கும் உண்டு என்று அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்த தோட்டத்துக்குப் போய், ஒழுங்கை எளிய தமிழில் எழுதிக் கொடுப்பதும், சட்டத்தை விளக்குவதும், நோய்க்குறிகளைச் சொல்லிக்கொடுப்பதும் பெரிய தியாகமன்று. பழைய கடனின் ஒரு தவணை.

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி பயிரிடும் கமக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்ட வேலையை விட்டு, உங்கள் கிழங்குப் பாத்திகளிலும் கரட் பாத்திகளிலும் நாட்கூலிக்கு வரும் பெண்கள் பலர் தாய்மார். மூடை கட்டி முடியட்டும், லொறி ஏறட்டும் என்று நீங்கள் நிறுத்தி வைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், மடுவத்தின் படியில் ஒரு பிள்ளை தனியே குந்தியிருக்கிறது. கம்பெனித் துரையிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம்மவரிடமும் கேட்கவே செய்வோம். நேரத்துக்கு அவளை விட்டுவிடுங்கள். பிள்ளை பசியாற இருக்கிறது என்று அறிந்தவளே மறுநாளும் மனநிறைவோடு உங்கள் நிலத்தில் குனிவாள்.

தொழிற்சங்கங்களுக்கு நாம் சொல்வது சற்றுக் கசப்பானது. சம்பளக் கோரிக்கையில் எழும் குரல் பிள்ளை மடுவத்தைப் பற்றி ஏன் எழுவதில்லை? புதுக்கட்டடத்துக்கு நாடா வெட்டும் நாளில் தலைவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். பிள்ளைகள் வெயிலில் மாலையேந்தி நிற்கிறார்கள். நாடா வெட்டிய மறுநாளிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் மனிதர் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்க எவர் வருகிறார்? கூட்டு ஒப்பந்தம் பேசும் மேசையில் மடுவத்தின் ஒழுங்கும் ஒரு பொருளாக வைக்கப்படட்டும். ட்ரஸ்ட் நிறுவனத்தில் சங்கங்களுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தை இதற்குப் பயன்படுத்தட்டும்.

பெற்றோர் இருவரும் உழைக்கும் குடும்பத்தின் பிள்ளைக்குப் பராமரிப்புச் சேவை உரிமையாக வேண்டும் என்று சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 18ஆவது உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றது. கட்டடம் கட்டினால் மட்டும் அந்த உரிமை நிறைவேறாது. அங்கே பிள்ளையை விடுபவரும், பிள்ளையை ஏற்பவரும், இருவருக்கும் சம்பளம் கொடுப்பவரும் ஒருவரையொருவர் மனிதராக மதிக்கும் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கைத் துரை மட்டும் எழுதினால் அது கட்டளை. தலைவர் மட்டும் எழுதினால் அது கட்சி. தாய்மார் கூடி எழுதும்போதுதான் அது அவர்களுடையதாகும். தாம் எழுதிய விதியை மீற எவருக்கும் எளிதில் மனம் வராது.

இதற்கு வரவுசெலவுத் திட்டமும் வேண்டாம். மந்திரி சபையின் அனுமதியும் வேண்டாம். ஓர் ஏடும், ஒரு பேனாவும், சம்பளம் போட்ட பின்வரும் ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரமும் போதும். ஊவாவின் ஏதேனும் ஒரு தோட்டத்தில், ஏதேனும் ஒரு டிவிஷனில் தாய்மார் முதலில் கூடட்டும். நிர்வாகம் அழைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கூடி எழுதிய பின்பு நிர்வாகத்தை அழைத்து, "இவை எங்கள் கடமை, இவை உங்கள் கடமை, இரண்டின் கீழும் கையொப்பமிடுவோம்" என்று சொல்லட்டும். மறுக்கும் துரை எவராயினும், அவர் மறுப்பதை ஊரறிய எழுத நம் ஏட்டின் பக்கங்கள் திறந்தே இருக்கின்றன.